சரவாங்கி கழுத்தைத் தொட்டால்: படிப்படியாக ஒரு வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதியைத் தாண்டியிருப்போம். ஒரு வளைவில் வண்டி குலுங்கித் திரும்பியபோது என் கழுத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த யாருக்கும் கேட்டிருக்காது; என் மண்டைக்குள் மட்டும் கேட்டது. நாகலூரில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டியைத் திருப்பச் சொல்லும் அளவுக்கு வலி இல்லை. தலை மட்டும் ஏதோ இரவல் வாங்கி வைத்ததைப் போல இருந்தது. மலை ஏறி, விருந்து சாப்பிட்டு, இறங்கியும் வந்துவிட்டேன்.

அப்போது எனக்குச் சரவாங்கி, அதாவது முடக்குவாதம், வந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. விரல், மணிக்கட்டு, முழங்கால், பாதம் என்று எல்லாவற்றையும் மருத்துவர்கள் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். கழுத்தைப் பற்றி அவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கொலுசுப் பட்டறையில் நாள் முழுவதும் குனிந்து பற்றவைப்பு வேலை பார்த்தவள் நான். எங்கள் தொழிலில் கழுத்து வலி கூலியோடு சேர்ந்தே வரும். அதைப் போய் யார் நோய் என்று சொல்வார்கள்?

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பல வருடம் மருத்துவமனை வரிசைகளில் நின்று, கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். முடிவை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து எடுங்கள். ஆனால் படம் எடுத்துப் பார்க்கும்வரை கழுத்தை எவர் கையிலும் கொடுக்காதீர்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

முதல் படி: திருகையை நினைத்துக்கொள்ளுங்கள்

கழுத்தில் 7 எலும்புகள். மேலே இருக்கும் இரண்டில்தான் நம் கவலை பெரும்பாலும் இருக்கிறது. முதல் எலும்பு ஒரு வளையம். மண்டை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேல்நோக்கி நீண்டு, அந்த வளையத்துக்குள் நிற்கிறது. பழைய வீடுகளில் உளுந்து உடைக்கும் திருகையில், அடிக்கல்லின் நடு முளையைச் சுற்றி மேல்கல் சுழலும் அல்லவா, அதே அமைப்புதான். தலையை இடமும் வலமும் திருப்புவதில் ஏறத்தாழ பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. வளையம் முளையை விட்டு நழுவாதபடி ஒரு குறுக்கு நார்ப்பட்டை கட்டிப் பிடித்திருக்கிறது. நாருக்குப் பின்னால், மிக நெருக்கத்தில், தண்டுவடம்.

சரவாங்கியில் உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டுகளையே பகையாக நினைத்துத் தாக்குகிறது. மூட்டின் உட்சவ்வு வீங்கித் தடித்து, அருகிலுள்ள எலும்பையும் நாரையும் அரிக்கிறது. விரல் மூட்டில் இருக்கும் அதே சவ்வு இந்த முளையைச் சுற்றியும் இருப்பதால்தான் நோய் அங்கேயும் போகிறது. இடுப்புப் பக்கத்து முதுகெலும்பை அது பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே சரவாங்கிக்காரருக்குக் கீழ்முதுகில் வலி என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். கழுத்து வலி என்றால் முதலில் சரவாங்கியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கோளாறு மூன்று விதமாக வரலாம். நார் தளர்ந்துபோய், குனியும்போது வளையம் முன்னே நழுவுவது ஒன்று. அதிகம் காணப்படுவது இதுதான். பக்க மூட்டுகள் அரிபட்டு மண்டை கீழே இறங்க, முளை மண்டையோட்டின் அடித்துளைக்குள் ஏறுவது இரண்டாவது. மூன்றிலும் மோசமானது இது. கீழே உள்ள கழுத்தெலும்புகள் படிக்கட்டு போல ஒன்றின்மேல் ஒன்று சரிவது மூன்றாவது. ஒருவருக்கே இரண்டு விதம் சேர்ந்தும் வரும்.

இரண்டாம் படி: தேய்மானம் என்ற சொல்லை உடனே நம்பாதீர்கள்

கழுத்து வலி என்று சொன்ன மாத்திரத்தில் ‘தேய்மானம்’ என்று ஒரு பெயர் வைத்து, கழுத்துப் பட்டை ஒன்றை வாங்கி மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. வயதாலும் வேலையாலும் வரும் தேய்மானம் பெரும்பாலும் கழுத்தின் கீழ்ப்பாதியில், 5, 6, 7ஆம் எலும்புகளுக்கிடையே வருகிறது. வேலை செய்தால் கூடும், படுத்தால் தணியும். சரவாங்கியின் வலி பிடரிக்கு மேலே, மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் பிடிக்கும். அங்கிருந்து பின்மண்டை வழியாக ஏறிக் காதுக்குப் பின்னாலும், சிலருக்குக் கண்ணுக்குப் பின்னாலும் இழுக்கும். காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் விறைத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே கழுத்தில் குடியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம், எனக்கு அப்படித்தான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. வலி எவ்வளவோ ஆபத்தும் அவ்வளவு என்று கணக்குப் போட முடியாது. எலும்பு நன்றாக நழுவியிருந்தும் வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் வலியை விட்டுவிட்டு உங்கள் நோயின் வரலாற்றைப் பாருங்கள். நோய் வந்து பல ஆண்டுகள் ஆனவர்கள், சரவாங்கியைக் காட்டும் ஆர்.ஏ. காரணியோ சி.சி.பி. எதிர்ப்பொருளோ இரத்தத்தில் அதிகம் உள்ளவர்கள், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்காமலே இருப்பவர்கள், கை எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்புத் தெரிந்தவர்கள், முழங்கையில் கட்டி கட்டியாகத் தடித்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள்: இவர்கள் எல்லோருமே கழுத்தைப் பற்றி மருத்துவரிடம் தாங்களாகவே கேட்க வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருந்து நான் 11 வருடம் போக்கினேன்.

மூன்றாம் படி: உடல் அனுப்பும் தகவல்களைக் கவனியுங்கள்

தண்டுவடம் நெருக்கப்படும்போது அது கழுத்திலேயே தெரிய வேண்டும் என்பதில்லை. கையிலும் காலிலும் தெரியும். எனக்கு முதலில் தெரிந்தது கொலுசில். ஆயிரக்கணக்கான கொலுசுகளுக்குத் திருகாணி போட்டுப் பார்த்த விரல், என் பேத்தியின் கொலுசுத் திருகாணியை மாட்ட முடியாமல் நழுவவிட்டது. விரல் கோணலால்தான் என்று நினைத்தேன். கோணல் பழையது, இந்தத் தடுமாற்றம் புதியது. இந்த வித்தியாசத்தைப் பிடிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது, ஏனென்றால் மூட்டு ஏற்கெனவே கெட்டிருப்பவர்களிடம் நரம்புக் கோளாறு எளிதில் ஒளிந்துகொள்ளும்.

வேறு அடையாளங்கள்: தலை குனிந்தால் முதுகு வழியாகக் கால்வரை மின்சாரம் பாய்வதுபோல ஒரு வெட்டு. ரவிக்கைக் கொக்கி, சட்டைப் பொத்தான், சாவி, பேனா ஆகியவற்றில் புதிதாகத் தடுமாற்றம். இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம். கால் மரக்கட்டை போல விறைப்பது. செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது. கை, கால் மரத்துப்போவது. தலை முன்னால் கழன்று விழப்போவது போன்ற உணர்வு. தலையைத் திருப்பினால் கிறுகிறுப்பு அல்லது கண் இருட்டுவது.

சிறுநீரை அடக்க முடியாமல் போவது அல்லது வராமல் நின்றுவிடுவது, விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், நினைவு தப்பி விழுவது, கை கால் திடீரென வலுவிழப்பது ஆகியவை வந்தால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நான்காம் படி: குனிந்து ஒரு படம், நிமிர்ந்து ஒரு படம்

இந்தப் படிதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். சாதாரணமாக நேராக நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் நழுவல் தெரியாமல் போகலாம். குனியும்போதுதானே அது நழுவுகிறது? ஆகவே பக்கவாட்டிலிருந்து, தலை குனிந்த நிலையில் ஒன்று, நிமிர்ந்த நிலையில் ஒன்று எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். முளையை நேராகப் பார்க்க வாயைத் திறந்துவைத்து எடுக்கும் படமும் உண்டு.

குனிவதும் நிமிர்வதும் உங்கள் சொந்த முயற்சியில் நடக்க வேண்டும். படம் எடுப்பவர் தலையைப் பிடித்து அழுத்தக் கூடாது. ‘இன்னும் கொஞ்சம் குனியுங்கள் அம்மா’ என்று கையை நீட்டினால், ‘இவ்வளவுதான் முடியும்’ என்று சொல்லிவிடுங்கள். குனியும்போது மின்வெட்டோ மரப்போ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கை கால் பலவீனம் ஏற்கெனவே இருந்தால் இந்தப் படத்தைக் கேட்டு நிற்காமல், அடுத்து என்ன என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

அறிக்கையில் இரண்டு அளவுகளைத் தேடுங்கள். வளையத்தின் முன்பகுதிக்கும் முளைக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இயல்பானதல்ல. முளைக்குப் பின்னால், தண்டுவடத்துக்கு மிஞ்சியிருக்கும் இடம் 14 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நரம்புக்கு ஆபத்து நெருங்குகிறது. பலர் முதல் அளவைப் பார்த்து மட்டும் பயப்படுகிறார்கள். எனக்கு அறுவை மருத்துவர் விளக்கியபோது இரண்டாவதையே விரலால் தட்டிக் காட்டினார்: எலும்பு எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட, தண்டுவடத்துக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

சந்தேகம் வலுத்தால் எம்.ஆர்.ஐ. தண்டுவடம் அழுந்துகிறதா, முளையைச் சுற்றிச் சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். எலும்பின் அரிப்பை நுணுக்கமாகப் பார்க்க சி.டி. ஸ்கேன். எம்.ஆர்.ஐ.க்குள் உலோகம் கூடாது. தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராமல் அறை வாசலில் நின்று அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். முந்தின நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டு, கொலுசு, மெட்டி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் வாசலில் சங்கடம் இல்லை.

ஐந்தாம் படி: எங்கே போவது

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1986இல் தொடங்கிய கல்லூரி. மலையிலிருந்து வருபவர்கள் ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டி, பரிந்துரைச் சீட்டோடு இறங்கினால் அலைச்சல் குறையும். சரவாங்கி என்று உறுதியாகியிருந்தால் வாதநோய் மருத்துவர். நரம்பு அறிகுறி இருந்தால் நரம்பியல் அறுவை அல்லது முதுகெலும்பு அறுவை மருத்துவர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், தேவை வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நழுவல் வளர்கிறதா என்பது தெரியும்.

ஆறாம் படி: கழுத்தைக் காப்பது வாரம் ஒரு நாள் மாத்திரை

கழுத்துக்கென்று தனி மருந்து கிடையாது. சரவாங்கியை அடக்கினால் கழுத்தும் தப்பிக்கிறது. நோய் தொடங்கியவுடன் முறையாக மருந்து எடுப்பவர்களிடம் இந்தக் கழுத்துச் சரிவு முன்காலத்தைவிடக் குறைந்திருக்கிறது. ஏற்கெனவே அறுந்த நாரை மருந்து ஒட்டவைக்காது என்பதும் உண்மை. அதனால்தான் முன்கூட்டியே.

அடிப்படை மருந்து பலருக்கு மெத்தோட்ரெக்சேட். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் எலும்பு மச்சை படுத்துவிடும், உயிரும் போகலாம். ஒருமுறை ஒரு மருந்துக் கடையில் உறையின்மேல் ‘காலை 1’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் மகள் பார்த்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். வீட்டில் அதன் பெயரே ஞாயிற்று மாத்திரை. அதன் பக்கவிளைவைக் குறைக்கும் போலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன வேறு நாளில் எடுக்க வேண்டும். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. மது ஆகாது. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால், ஆணோ பெண்ணோ, மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவுற்றிருக்கும்போது பெண்கள் இதைச் சாப்பிடவே கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன்பே கேளுங்கள்.

இது போதாதபோது சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், லெப்ளுனோமைடு என்று சேர்ப்பார்கள். அதற்கும் மேலே, எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலைக் குறிவைத்து அடக்கும் உயிரியல் ஊசிகள் இருக்கின்றன. ஊசிக்கு முன்பு மறைந்திருக்கும் காசநோயைச் சோதிப்பார்கள். நம் ஊரில் அந்தச் சோதனையை யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம்.

பெயர் எழுதாத பொட்டலத்தில் தரும் வாதப் பொடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே வாரத்தில் எழுந்து ஓடவைக்கிறதென்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பஞ்சாகும். பஞ்சான எலும்பில் திருகாணி பிடிக்காது என்பது கொலுசு செய்பவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா? பின்னால் அறுவை என்று வந்தால் அந்த எலும்பில்தான் திருகு போட வேண்டும். பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்லி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

ஏழாம் படி: சுளுக்கு வழிப்பவரும் மற்றவர்களும்

அந்த ‘டொக்’குக்குப் பிறகு பக்கத்து வீட்டு அக்கா என்னைச் சுளுக்கு வழிக்கும் ஓர் அம்மாளிடம் அழைத்துப் போனார். நல்ல மனுஷிதான். எண்ணெய் தடவித் தோளை நீவியவரை சுகமாகவே இருந்தது. பிறகு ஒரு கையால் தாடையையும் மறு கையால் பின்மண்டையையும் பிடித்தார். திருப்ப ஆரம்பித்ததும் இரண்டு கையிலும் மின்சாரம் பாய்ந்தது. கத்தினேன், விட்டுவிட்டார். இன்னும் இரண்டு அங்குலம் திருப்பியிருந்தால் இதை எழுதிக்கொண்டிருப்பேனா என்று தெரியவில்லை.

தோளிலும் மேல்முதுகிலும் எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. கழுத்தைத் திருகுவது, இழுப்பது, சொடக்கு எடுப்பது கூடவே கூடாது. முடிதிருத்தும் கடையில் கடைசியில் இலவசமாகக் கிடைக்கும் அந்தத் திருகலும் இதில் சேர்த்தி. பிசியோதெரபியில் எடை கட்டிக் கழுத்தை இழுக்கும் சிகிச்சையையும், படம் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அழகு நிலையத்தில் தொட்டியின் விளிம்பில் கழுத்தைத் தொங்கவிட்டுத் தலை அலசுவது, பல் மருத்துவர் நாற்காலியில் நெடுநேரம் அண்ணாந்து கிடப்பது: முன்கூட்டியே சொல்லி, கழுத்துக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றையும் மறந்துவிடுங்கள்.

தலைச்சுமை கூடாது. மலையில் இதைச் சொல்வது சுலபம், கேட்பது கடினம். காப்பிப் பழ மூட்டையும் விறகுக் கட்டும் தலையில்தான் இறங்குகின்றன. என் நாத்தனாருக்கும் இதே நோய். ‘அண்ணி, தலையில் தூக்காமல் எப்படி?’ என்று கேட்டாள். பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு நடையாக, இடுப்போடு அணைத்துத் தூக்கச் சொன்னேன். கூலி குறையும் என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தலையணை ஒன்று போதும், மெல்லியதாக. தலை முன்னுக்குத் தள்ளப்படாமல் கழுத்தின் வளைவை மட்டும் தாங்க வேண்டும். பட்டறையிலோ தறியிலோ உட்காருபவர்கள் தலையை வேலைக்குக் கொண்டுபோகாமல் வேலையைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். என் பலகைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்த பிறகு பாதி வலி போனது. கழுத்துப் பட்டையைப் பயணத்துக்கு மட்டும் போடுகிறேன். மென்மையான பட்டை எலும்பு நழுவுவதைத் தடுக்காது. ‘திரும்பாதே’ என்று எனக்கும், ‘இடிக்காதே’ என்று பிறருக்கும் நினைவூட்டும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் போட்டால் தசை மெலிந்துபோகும்.

மலைப்பாதைக்கு: பஸ்ஸின் கடைசி வரிசை வேண்டாம். காரில் முன் இருக்கையில் தலைசாய்ப்பைப் பின்மண்டை உயரத்துக்கு ஏற்றிவையுங்கள். தூங்காதீர்கள், தூங்குபவரின் தலை ஒவ்வொரு வளைவிலும் ஊஞ்சலாடும். வாந்தி வரும் என்றால் மாத்திரையை முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்டலில் கழுத்து வெட்டி இழுக்கும்.

எட்டாம் படி: மயக்க மருந்து மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்

கருப்பை, பித்தப்பை, மூட்டு மாற்று என்று எந்த அறுவையானாலும், முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய் செருகத் தலையை அண்ணாந்து பிடிப்பார்கள். விழித்திருக்கும்போது தசைகள் கழுத்தைக் காக்கின்றன. மயக்கத்தில் அந்தக் காவல் இல்லை. முன்னமே தெரிந்தால் கழுத்தை அசைக்காமல், வளையும் குழாய்க் கேமரா வழியாகச் செருக முடியும். அறுவைக்கு முந்தின நாள் பார்க்கவரும் மயக்க மருத்துவரிடம், குனிந்து நிமிர்ந்து எடுத்த படங்களைக் கையில் கொடுங்கள். கோப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

ஒன்பதாம் படி: அறுவை என்று சொன்னால்

நழுவல் இருப்பவர்கள் எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. நரம்பு அறிகுறி இல்லாமல், இடமும் போதுமான அளவு இருந்தால் குறித்த இடைவெளியில் படம் எடுத்துக் கண்காணிப்பார்கள். 1979இல் ரனாவத் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் வகுத்த படிநிலையை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: நரம்புக் குறை இல்லாதவர் முதல் நிலை, பலவீனத்தைத் தானே உணர்ந்து, பரிசோதனையில் அனிச்சைத் துடிப்பும் (முட்டியில் தட்டினால் கால் துள்ளுவது) மிகுந்திருப்பவர் இரண்டாம் நிலை, பலவீனம் கண்கூடாகத் தெரிந்தும் நடப்பவர் மூன்றின் முற்பகுதி, நடக்கவே முடியாதவர் மூன்றின் பிற்பகுதி. கடைசி நிலைக்குப் போன பிறகு செய்யும் அறுவையில் பலன் குறைவு. கால் இருக்கும்போதே முடிவெடுங்கள்.

அறுவையில் நழுவிய எலும்பைச் சீராக்கி, திருகாணியும் கம்பியும் போட்டு, எலும்பு ஒட்டு வைத்து முதல் இரண்டு எலும்புகளையும் ஒன்றாக இணைக்கிறார்கள். இன்று உலகெங்கும் செய்யப்படும் முறைகளில் ஒன்றுக்கு மும்பை மருத்துவர் அதுல் கோயலின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அவர் 1994இல் வெளியிட்டது. தலை திருப்புவதில் பாதி போய்விடும். எனக்கு அறுவை முடிந்து நான்கு ஆண்டுகள். யாராவது கூப்பிட்டால் தோளோடு சேர்ந்து முழு உடம்பும் திரும்புகிறது. பேத்தி என்னைக் கொலுப் பொம்மை என்கிறாள். புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும். மெத்தோட்ரெக்சேட்டையும் ஊசிகளையும் அறுவை நேரத்தில் தொடர்வதா நிறுத்துவதா என்பதை வாதநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

கடைசிப் படி: பர்ஸில் ஒரு அட்டை

விழுந்தாலோ விபத்து என்றாலோ 108ஐ அழையுங்கள். வருபவர்களிடம் கழுத்தை அசைக்காமல், தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால் அட்டை பேசட்டும். பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் போக, என் அட்டையில் எழுதியிருப்பது:

‘எனக்குச் சரவாங்கி. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் திருகாணியால் இணைக்கப்பட்டவை. தலையை அண்ணாக்கவோ திருப்பவோ வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை, ஞாயிறு மட்டும். கழுத்துப் படங்கள் வீட்டில், சாமி அலமாரியின் கீழ்த்தட்டில்.’